காருக்குள் ஒரு பம்பரம்! நிமிஷத்துக்கு லட்சம் சுற்று!!

அரியலூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். அடுத்த தடவை ஒரு லாரி கடந்து போகும்போது காது கொடுத்துக் கேளுங்கள். என்ஜின் இரைச்சலுக்கு நடுவே "உய்ய்ங்" என்று விசில் போல ஒரு சத்தம் வரும். அது ஹாரன் அல்ல. அதுதான் 'டர்போ' போடுகிற சத்தம்.

லாரிக்கு டர்போ இருப்பதில் அதிசயம் இல்லை. அதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் பெரம்பலூரில் வாடகைக்கு ஓடும் ஒரு சின்ன டீசல் காரின் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். கை நுழைய வழி இராது. அதற்குள்ளும் ஒரு டர்போ உட்கார்ந்திருக்கிறது!

அது என்ன டர்போ?

அடுப்பு மங்கினால் ஊதுகுழல் வைத்து ஊதுகிறோம். கொல்லன் துருத்தி போடுகிறான். காற்று அதிகம் போனால் நெருப்பு நன்றாக எரியும். காரும் அப்படித்தான். 1 லிட்டர் டீசல் முழுதும் எரிய ஏறக்குறைய 10 ஆயிரம் லிட்டர் காற்று வேண்டும். சின்ன என்ஜின் தானாக அவ்வளவு காற்றை இழுத்துக்கொள்ள முடியாது. ஆகவே ஊதிவிட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் டர்போ.

இந்தத் துருத்தியை இழுப்பது யார்? என்ஜின் துப்புகிற புகையே இழுக்கிறது! புகை வெளியே போகும் வழியில் ஒரு சின்னச் சக்கரம். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். புகை முதல் சக்கரத்தைச் சுற்ற, இரண்டாவது சக்கரம் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகிற புகைக்கு வேலை கொடுத்தாயிற்று. சக்கரம் உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஆனால் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும்.

கண்டுபிடித்தவர் யார்?

ஆல்பிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து என்ஜினீயர். 1905-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அது சரிவர வேலை செய்ய 20 வருஷம் ஆயிற்று! 1925-ல்தான் அவருக்கு வெற்றி. அதன் பிறகு இரண்டு ஜெர்மன் பிரயாணிக் கப்பல்களில் பூட்டினார்கள். 1,750 குதிரை சக்தி தந்த என்ஜின் 2,500 குதிரை சக்தி தந்தது.

காருக்கு வந்தது 1962-ல். அமெரிக்காவின் 'ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர்' காரில் டர்போ வைத்தார்கள். உஷ்ணத்தைத் தணிக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். பெட்ரோல் போட மறக்காதவர்கள் அதை ஊற்ற மறந்தார்கள்! தொட்டி காலியானால் கார் சோம்பியது. பல பேர் டர்போவையே கழற்றச் சொல்லிவிட்டார்கள். 1963-உடன் அந்தக் கார் நின்றுபோயிற்று.

நம் ஊர்க் கதையும் உண்டு. 1998-ல் வந்த டாட்டா இண்டிகா டீசல் காரில் டர்போ கிடையாது. 1,405 சி.சி. என்ஜின், சக்தி சுமார் 54 குதிரை. பிறகு அதே அளவு என்ஜினுக்கு டர்போ வைத்தார்கள். காற்றைக் குளிர வைக்கும் 'இன்டர்கூலர்' என்ற பெட்டியும் சேர்ந்தபோது சக்தி 70 குதிரை வரை ஏறியது.

இடம் இல்லாத இடத்தில்...

கம்பெனி செய்ததைப் பார்த்து, "என் காருக்கும் ஒன்று பூட்டுங்கள்" என்று பட்டறைக்குப் போகிற வாலிபர்கள் இருக்கிறார்கள். பழைய சாமான் கடையில் டர்போ கிடைக்கிறது. கெட்டிக்கார மெக்கானிக் பூட்டியும் விடுவார். பூட்டுவது பெரிய காரியம் இல்லை. அதன் சூட்டை என்ன செய்வது என்பதுதான் பெரிய காரியம்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. டீசல் கார் பாரம் இழுக்கும்போது டர்போவுக்குள் நுழையும் புகையின் உஷ்ணம் 700 டிகிரியைத் தொடும். பெட்ரோல் காரில் 900-க்கும் மேல். அதற்குப் பக்கத்திலேயே ரப்பர் குழாய், மின்சார ஒயர், பிரேக் எண்ணெய்க் குழாய், பாட்டரி எல்லாம் இருக்கின்றன. நடுவே தகடு வைத்து மறைக்க வேண்டும். தகடு வைக்கவும் இடம் இல்லை என்றால்? ஒயர் உருகும். எண்ணெய் ஒரு சொட்டு சிந்தினால் தீப்பிடிக்கும். அந்தக் காரில் குழந்தைகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு சங்கதி எண்ணெய். லட்சம் சுற்றுச் சுற்றும் அச்சு, மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்தபடி சுற்றுகிறது. என்ஜினிலிருந்து ஒரு சின்னக் குழாய் எண்ணெயைக் கொண்டுவருகிறது. வேலை முடிந்த எண்ணெய் தானாகக் கீழே வடிய வேண்டும். ஆகவே வடிகுழாய் பருமனாகவும் சரிவாகவும் இருக்க வேண்டும். நெருக்கடியான இடத்தில் இதைத்தான் வளைத்து நெளித்து விடுகிறார்கள். எண்ணெய் தேங்கும். புகைக்குழாயில் நீலப் புகை வரும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் செய்த திருத்தத்தின்படி, மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் கேள்வி வேறு.

இருப்பதைக் காப்பாற்ற...

கம்பெனியே டர்போ வைத்துக் கொடுத்த கார் உங்கள் வீட்டில் இருக்கலாம். பச்சைமலை ஏறி நின்றதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு நிமிஷம் என்ஜின் சும்மா ஓடட்டும். உடனே நிறுத்தினால் எண்ணெய் வருவது நின்றுவிடும்; உள்ளே தங்கிய எண்ணெய் சூட்டில் கருகும். கம்பெனி சொன்ன தரத்தில் எண்ணெய் ஊற்றி, சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள்.

அரியலூர்ச் சாலைக்கு இன்னும் ஒரு ஜாக்கிரதை. சுண்ணாம்புத் தூசி! காற்று வடிகட்டி கிழிந்திருந்தால் தூசி நேராகச் சக்கரத்தில் மோதும். அந்த வேகத்தில் மோதினால் தூசியும் அரம்தான். சக்கரத்தின் ஓரம் தேய்ந்துவிடும். கல் லாரிகளுக்குப் பின்னாலேயே தினம் ஓடுகிற வண்டியில், புத்தகத்தில் போட்ட கெடுவுக்கு முன்பே வடிகட்டியைப் பார்ப்பது நல்லது.

கார் இழுக்கவில்லை, கரும்புகை வருகிறது என்றால் உடனே டர்போ போயிற்று என்று அர்த்தம் இல்லை. காற்றுக் குழாய் கிளிப் தளர்ந்து, காற்று வழியிலேயே கசிந்து கொண்டிருக்கலாம். "டர்போவை மாற்ற வேண்டும்" என்று பட்டறையில் சொன்னால், முதலில் அந்தக் குழாயைக் காட்டச் சொல்லுங்கள்.