கைபேசி மூலம் வெல்லம் விற்கும் விவசாயிகள் கவனத்திற்கு

கரும்பைச் சர்க்கரை ஆலைக்கு அனுப்பாமல் தாமே வெல்லமாகவும் நாட்டுச் சர்க்கரையாகவும் காய்ச்சும் விவசாயிகளில் பலர், அண்மைக் காலமாக வாட்ஸ்அப் மூலமும் இணையக் கடைகள் மூலமும் நேரடியாக நுகர்வோருக்கு விற்று வருகின்றனர். தரகு இல்லை, விலையைத் தாமே நிர்ணயிக்கலாம். ஆயினும், 'ஒருமுறை வாங்கியவர் மறுமுறை கேட்பதில்லை' என்ற குறையைப் பயிற்சிக்கு வருவோரிடம் அடிக்கடி கேட்கிறேன். விசாரித்துப் பார்த்தால், குறை பெரும்பாலும் வெல்லத்தில் இருப்பதில்லை. வெல்லத்தைப் பற்றி எழுதி அனுப்பியதில் இருக்கிறது.

பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை வாங்கப்படும் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தைப் பலரும் அறிவர். அத்தகைய கூடத்தில் வாங்க வருபவர் சரக்கில் ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து, நாவில் வைத்துப் பார்த்த பின்னரே விலை சொல்லுவார். சென்னையிலிருந்து கைபேசியில் கேட்கும் அம்மாளுக்கு இந்த வசதி இல்லை. அவருக்குக் கிடைப்பது ஒரு படமும் நான்கு வரிகளுமே. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாதபோது வாங்குவோர் எல்லாச் சரக்குக்கும் ஒரே நடுத்தர விலைதான் தருவர் என்றும், அதனால் நல்ல சரக்கு வைத்திருப்பவரே முதலில் சந்தையை விட்டு விலகுவார் என்றும் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார் விற்பனையை எடுத்துக்காட்டி விளக்கினார். 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். கார் போலத்தான் வெல்லமும்.

நிறம் பற்றிய உண்மை

சென்ற ஆண்டு நானே ஒரு விற்பனையாளரிடம் படத்தைப் பார்த்து அச்சு வெல்லம் வரவழைத்தேன். படத்தில் பொன்னிறம். வந்ததோ கரும்பழுப்பு. சுவை நன்றாகவே இருந்தது. உண்மையில் அது படத்திலிருந்ததைவிட நல்ல வெல்லமாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் வீட்டில் யாரும் அதை நம்பவில்லை. மறுபடி அவரிடம் வாங்கவுமில்லை.

கடும் மஞ்சள் நிறத்துக்காக ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைக் கொப்பரையில் இடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அந்த நிறம் நாள்பட நிலைப்பதுமில்லை. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு பத்து இலட்சம் பங்கில் 70 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஹைட்ரோஸ் இடாத வெல்லம் பெரும்பாலும் பழுப்பாகவே இருக்கும். கரும்பு இரகம், மண், நீர் ஆகியவற்றுக்கேற்ப கொப்பரைக்குக் கொப்பரை நிறம் மாறும். இதை அப்படியே எழுதுங்கள். பகல் வெளிச்சத்தில், அனுப்பவிருக்கும் அதே சரக்கைப் படமெடுங்கள். கைபேசியில் நிறத்தைக் கூட்ட வேண்டாம்.

"கறுப்பு என்று எழுதினால் யார் வாங்குவார்?" என்று கேட்கலாம். சிலர் வாங்கமாட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் கணக்கைப் பாருங்கள். உள்ளூர் விலையைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 5 கிலோ பார்சலில் இலாபம் 100 ரூபாய். கூரியர் கட்டணம் 200 ரூபாயானால், ஏமாந்தவர் திருப்பி அனுப்பும் ஒரு பார்சலுக்குப் போகவும் வரவும் 400 ரூபாய். நான்கு பார்சலின் இலாபம் அதில் போய்விடும். திரும்பி வந்த வெல்லம் வழியில் ஈரம் குடித்திருந்தால் அதுவும் நட்டம்.

மழைக்காலத்தில்

ஐப்பசி, கார்த்திகையில் வெல்லம் காற்றின் ஈரத்தை இழுத்து இளகும். இதனை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாங்குபவர் இயல்பென்று கொள்வார். பின்னர் சொன்னால் சாக்கு என்பார். இளகிய வெல்லம் வேறு, புளித்த வாடையோ பூஞ்சணமோ உள்ள வெல்லம் வேறு என்றும், பின்னதற்குப் பணம் திருப்பித் தரப்படும் என்றும் எழுதலாம். சூடு முழுவதும் ஆறிய பிறகே எடை போட்டுக் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் பைக்குள் வியர்க்கும்.

எழுதக் கூடாதவை

'நீரிழிவு உள்ளோரும் சாப்பிடலாம்' என்ற வரியைப் பல விளம்பரங்களில் காண்கிறோம். இது பெருந்தவறு. உலர் எடையில் மொத்தச் சர்க்கரை 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதே வெல்லத்துக்கான தர நிர்ணயம்! இதை நம்பி ஒருவர் உண்டால் உடல்நலமே கெடும். 'இரசாயனமே இல்லை' என்பதும் சரியன்று. சாற்றைத் தெளிவிக்கச் சுண்ணாம்பு இடுகிறோமே. 'சுண்ணாம்பு மட்டும் சேர்த்தது' என்று எழுதினால் அறிந்தவர் மதிப்பார். இயற்கை வேளாண்மைச் சான்று பெற்றிராவிடில், இயற்கை விளைபொருள் என்று போட்டுக்கொள்ளாமல் என்ன உரமிட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். உறவினரை விட்டு வாங்கியவர் போலப் பாராட்டு எழுதச் செய்வதும் வேண்டாம். விற்பவரே நுகர்வோர் போல வேடமிட்டுக் கருத்துப் பதிவதை 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் தடை செய்கின்றன. சொன்ன தன்மை இல்லாத சரக்கைத் திரும்பப் பெற மறுப்பதும் அவ்விதிகளின்படி தவறு.

குறை நேர்ந்தால்

உப்பு நீர் பாய்ந்த கரும்பில் வெல்லம் கரிக்கும். 90 நாளுக்குப் பின் தழைச்சத்து இட்ட கரும்பிலும் தரம் குறையும். அத்தகைய கொப்பரைச் சரக்கைத் தனியே வைத்து, குறையைச் சொல்லி, விலை குறைத்து விற்க வேண்டுமேயன்றி நல்லதுடன் கலக்கலாகாது.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் அவசியம். காய்ச்சிய தேதி, கொப்பரை எண், வயல், யார் யாருக்கு எத்தனை கிலோ சென்றது என்று குறித்து, அதே எண்ணைப் பையிலும் எழுதிவிடுங்கள். ஒருவர் புகார் செய்தால் அன்றே பதில் சொல்லி, படம் கேட்டு வாங்கி, மாற்றுச் சரக்கோ பணமோ தரலாம். பிறகு அதே கொப்பரைச் சரக்கு பெற்ற மற்றவர்களுக்கு, அவர்கள் பையைப் பிரிக்கும் முன்பே நீங்களாகவே பேசித் தெரிவித்துவிடுங்கள்.