தலை எண்ணிப் போடும் சாலை

ஒரு சிற்றூருக்குத் தார்ச்சாலை வர அங்கே எத்தனை பேர் வாழ வேண்டும்? சமவெளி என்றால் 500. மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதி என்றால் 250. 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் வகுத்த வரம்பு இது. அதற்குக் கீழே நிற்கும் ஊர், மாநில அரசு மனம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

திட்டம் செய்த நன்மை பெரிது. நாடு முழுவதும் ஏழு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் சாலை போட்டிருக்கிறார்கள். மலையில் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள் ஒன்றரைக் கிலோமீட்டர் நடைதூரத்துக்குள் இருந்தால் அவற்றைச் சேர்த்து எண்ணலாம் என்று விதியிலேயே இடமும் கொடுத்திருக்கிறார்கள். என் கவலை அந்த எண்ணிக்கை எந்த ஆண்டுடையது என்பதில்தான். 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டம், 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கிலோமீட்டர் சாலை தருகிறது. தகுதி பார்ப்பதோ 2011 கணக்கெடுப்பை வைத்து. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு 2027க்குத் தள்ளிப்போய்விட்டது. இடையில் பிறந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் யாரும் அந்தக் கணக்கில் இல்லை.

புதுக் கணக்கு வந்தாலும் ஆபத்து உண்டு. சாலை இல்லாத ஊரில் பெண் கொடுக்கத் தயங்குவார்கள். வேலைக்குப் போன பையன் குடும்பத்தோடு டவுனிலேயே தங்கிவிடுவான். தலைகள் குறையும். குறைந்ததாலேயே சாலை தள்ளிப்போகும். உத்தராகண்டின் பௌரி, அல்மோரா மாவட்டங்களில் 2001க்கும் 2011க்கும் இடையே மக்கள்தொகையே இறங்கியது. 2011க்குப் பிறகு 734 ஊர்கள் ஆளில்லாமல் போனதாக அம்மாநிலத்தின் இடப்பெயர்வு ஆணையம் 2018இல் கணக்குக் காட்டியது. வேலை, படிப்பு, மருத்துவம் என்று காரணங்கள் பல. ஆனால் அந்த மூன்றையும் தேடிப் போய்வரப் பாதை இருந்திருந்தால், எல்லாரும் வீட்டைப் பூட்டியிருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

நம் நாமக்கல் மாவட்டத்துப் போதமலையைப் பாருங்கள். ராசிபுரத்துக்கு அருகில்தான் இருக்கிறது. கீழூர், மேலூர், கெடமலை என மூன்று ஊர்கள். வாக்காளர்கள் ஆயிரத்தைச் சற்றே தாண்டுவார்கள். தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரம் தலைச்சுமையாக மலையேறும் படம் பத்திரிகைகளில் வரும். இயந்திரம் ஏறுவது ஒருநாள் செய்தி. ரேஷன் அரிசியும் சிமெண்ட் மூட்டையும் அதே வழியில் ஏறுவதையும், பிரசவ வலி கண்டவரைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவதையும் யார் படம் எடுத்தார்கள்? இங்கே தடையாக நின்றது தலைக்கணக்கு மட்டுமல்ல, வனமும்தான். வன உரிமைச் சட்டம் ஊர்த் தேவைக்கான சாலைக்கு வழி தருகிறது. ஆனால் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மிகாமல் வெட்டு, கிராமசபைப் பரிந்துரை என்ற எல்லைக்குள்தான். மலைப்பாதைக்கு அது போதாது. நாடு விடுதலையடைந்து முக்கால் நூற்றாண்டு கழிந்த பிறகே அங்கே சாலைப் பணி தொடங்கியது.

சாலை வந்துவிட்டால் பஸ் வந்துவிடாது. கணக்கெடுப்பின் ஊர்க் கையேடு, பஸ் வசதி ஊருக்குள் உண்டா, இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள்ளா, 5 முதல் 10க்குள்ளா, அதற்கும் அப்பாலா என்று குறிக்கிறது. காலையில் ஒரு ட்ரிப், சாயங்காலம் ஒரு ட்ரிப், ஞாயிற்றுக்கிழமை கட் என்றாலும் அதன் கணக்கில் 'பஸ் உண்டு'தான். கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதே கேள்வி. அது தவறினால் மறுநாள் வீட்டில் படிப்பையே நிறுத்தச் சொல்வார்கள். 2027 கையேட்டில் முதல் பஸ், கடைசி பஸ் நேரத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தால் செலவு எதுவும் கூடாது.

1997இல் மினிபஸ்கள் வந்தபோது பல ஊர்கள் முதன்முதலாக ஹாரன் சத்தம் கேட்டன. 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிய புதிய மினிபஸ் திட்டமும் பஸ் எட்டாத ஊர்களைத்தான் குறிவைக்கிறது. 2021இல் வந்த மகளிர் இலவசப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸுக்கு மட்டும் என்பதால் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைப் பெண்களுக்கு அது 2024 வரை கிடைக்காமலே இருந்தது. போதமலையில் அந்தத் தாமதம் வேண்டாம். சாலைக்குத் தார் ஊற்றும்போதே மினிபஸ் வழித்தடத்தையும் அறிவிக்க வேண்டும்: பள்ளி மணி அடிக்குமுன் அடிவாரத்துக்கு இறங்குவதாக, இருட்டுமுன் ராசிபுரத்திலிருந்து மலையேறுவதாக.