தாளிலிருந்து திரைக்கு

2023ஆம் ஆண்டில் 'கஜமேன்' என்னும் சிங்களத் திரைப்படம் இலங்கையில் வெளியாயிற்று. கேலிச்சித்திர ஓவியர் கமிலஸ் பெரேரா பல்லாண்டுகளுக்கு முன் பத்திரிகைத் தாளிற் படைத்த பாத்திரத்தைச் சானக பெரேரா முப்பரிமாணத்தில் நடமாடவிட்டார். அவ்வகையில் நம் நாட்டின் முதல் முழுநீளச் சித்திரப்படம் அதுவே. தாளில் வாழ்ந்தவன் திரைக்கு வருங்கால் எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்னும் வினா ஈண்டு எழுகின்றது.

உலகறிந்த பூனையையும் எலியையும் கொண்டு இதனை ஆராய்வாம். ஹன்னா, பார்பெரா என்னும் இருவர் 1940இற் படைத்த டொம்மும் ஜெரியும் 1958 வரை அவர்தம் கைவண்ணத்தில் 114 குறும்படங்களில் ஓடித் திரிந்தன. அப்படங்கள் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றன. அவற்றிற் பேச்சு அரிது. ஓட்டமும் அடியும் இசையுமே மொழி. 1992இல் வந்த முழுநீளப் படமோ இரண்டையும் வாய்திறந்து பேசவைத்து நண்பர்களும் ஆக்கிற்று. பகையும் மௌனமும் போனபின் எஞ்சியவை பூனைத்தோலும் எலிவாலுமே!

2021இல் டிம் ஸ்டோரி இயக்கிய படம் வேறு வழி சென்றது. களம் இன்றைய நியூயோர்க்கின் பெருவிடுதி. அங்கு ஆடம்பரத் திருமணம் ஒன்று நிகழவிருக்கையில் எலி குடிபுகுகின்றது. அதனை விரட்டப் பூனை வேலைக்கு அமர்த்தப்படுகின்றது. மனிதரும் தெருவும் மெய். விலங்குகள் யாவும் சித்திரம். மெய்ப்பூனைபோல் மயிர்செறிந்த உடலைக் கொடாது பழைய கோட்டின் சாயலைப் பேணியமை போற்றத்தக்கது. சட்டியால் அடிபட்ட முகம் சட்டியின் வடிவாதல் கோட்டுப் பூனைக்கே இயலும். மெய்ப்பூனைக்கு அது நேரின் குழந்தை அழும். ஆயின் மனிதர் கதை மிகுந்து, உரியவர் விருந்தினர்போல் ஒதுங்கி நிற்றல் குறையே.

பேசாப் பாத்திரத்துக்கு மௌனம் எத்தகையதோ, பேசும் பாத்திரத்துக்கு வட்டார வழக்கு அத்தகையது. 'சிரித்திரன்' ஆசிரியர் சுந்தர் வரைந்த சவாரித் தம்பரை எண்ணுக. அவரைத் திரைக்குக் கொணர்வோர் கையிற் கைப்பேசி கொடுக்கலாம். முச்சக்கர வண்டியிலும் ஏற்றலாம். யாழ்ப்பாணப் பேச்சைப் பறித்தால் அவர் தம்பர் அல்லர்.

இது வெறும் கலை விவாதமன்று. கண்டக்குழிச் சிறுவரிடம் சித்திரப் பாத்திரம்போற் பேசிக் காட்டுமாறு கேட்டால், சென்னைத் தொலைக்காட்சியின் மொழிமாற்றத் தமிழே வாயில் வருகின்றது. வலையும் வள்ளமும் சார்ந்த தம் வீட்டுச் சொற்களை எந்தப் பூனையும் எலியும் பேச அவர்கள் கேட்டதில்லை.