சுறா ஈரலும் முகக் களிம்பும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காட் மீன் எண்ணெய் இறக்குமதி தடைபட்டபோது, சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கும் தொழில் கோழிக்கோட்டிலும் திருவனந்தபுரத்திலும் வளர்ந்தது. குழந்தைகளின் கண்ணைக் காத்த அந்த எண்ணெயின் சிறப்பு வைட்டமின் ஏ. அதன் வழிப்பொருளே, இன்று அந்நகரத்து மருந்துக்கடைகளில் முகப்பருவுக்கும் தோல் சுருக்கத்துக்கும் கிடைக்கும் டிரெட்டினோயின்.

மயிர்க்காலின் வாயில் இறந்த அணுக்கள் ஒட்டிக்கொண்டு அடைப்பதே பருவின் தொடக்கம். டிரெட்டினோயின் அணுவின் உட்கருவுக்குள் சென்று, சில மரபணுக்களின் செயலை மாற்றி, அவ்வடைப்பைத் தளர்த்துகிறது. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனின் ஆய்வுகளையடுத்து, 1971-இல் அங்கே பருவுக்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது. (சிறைக்கைதிகள்மீது அவர் நடத்திய சோதனைகள் பின்னாளில் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின என்பதையும் சொல்லியாக வேண்டும்.) 1993-இல் வெளியான ஆய்வொன்றில், இதனை 10 முதல் 12 மாதங்கள் பூசியவர்களின் வெயிலால் முதிர்ந்த தோலில் கொலாஜன் உருவாக்கம் 80 விழுக்காடு கூடியது, மருந்தில்லாக் களிம்பு பூசியவர்களிடம் 14 விழுக்காடு குறைந்தது. விலையுயர்ந்த சீரங்களிலுள்ள ரெட்டினால் தோலுக்குள் சென்று இதே அமிலமாக மாறிய பின்னரே வேலை செய்யும். ஆதலால் வீரியம் குறைவு. விலையைக் கொண்டு பயனை அளக்க இயலாது.

நிலநடுக்கோட்டிலிருந்து 8.5 பாகை வடக்கேயுள்ள திருவனந்தபுரத்தில் கதிரவன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சியில் நிற்கிறது. இம்மருந்தோ தோலை வெயிலுக்கு எளிதில் இலக்காக்குவது. ஒளிபட்டால் தானும் சிதைவது. ஆகவே இரவில், முகம் நன்கு உலர்ந்தபின், பட்டாணி அளவே பூசுதல் முறை. பகலில் வெயில்காப்புக் களிம்பும் குடையும் வேண்டும். முதற்சில வாரங்களில் சிவத்தலும் உரிதலும் இயல்பு. பலன் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம். கருவுற்றோர் இதனைத் தவிர்க்க வேண்டும். இதே குடும்பத்து ஐசோடிரெட்டினோயின் மாத்திரையோ கருவைக் கடுமையாகச் சிதைக்கவல்லது.

நமக்குக் கவலை தருவது வேறொன்று. மங்கு எனப்படும் கருந்திட்டுகளுக்குச் சில வாரங்கள் மட்டும் பூசவேண்டிய கூட்டுக் களிம்புகளில் டிரெட்டினோயினுடன் ஹைட்ரோகுவினோனும் ஸ்டீராய்டும் உள்ளன. நிறம் கூடுமென்று நம்பிப் பலர் இவற்றை ஆண்டுக்கணக்கில் பூசுகின்றனர். தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் சிவந்து தெரிந்து, முகத்தில் முடி முளைக்கிறது. நிறுத்தினாலோ எரிச்சல் பன்மடங்காகிறது. 2018 மார்ச்சில் நடுவண் அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத 'எச்' பட்டியலில் சேர்த்தது இதனாலேயே. குழாயின்மேல் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளுவோசினோலோன் ஆகிய பெயர்களுள் ஒன்று இருக்கிறதா என்று பார்க்கலாம். நெடுநாள் பூசிவந்தோர் தாமாகத் திடீரென நிறுத்தாமல், அக்குழாயையே தோல் மருத்துவரிடம் கொண்டுசென்று காட்டுவது நலம்.