எண்ணப்படாதவரை எண்ணியவர்கள்

1904ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே, இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து இறைச்சி பதனிடும் ஆலைகளுக்குள்ளே நுழைந்தார். உடலிலே நைந்துபோன பழைய உடை; கையிலே தொழிலாளர் பகலுணவு கொண்டு செல்லும் பாத்திரம். அந்தக் கோலத்தில் வந்தவரைத் தம்முள் ஒருவராகவே எல்லோரும் கருதினர். ஏழு வாரங்கள் அவர் அந்த ஆலைகளிலும், அவற்றைச் சூழ்ந்த குடிசைகளிலும் அலைந்து திரிந்தார். கண்டதையும் கேட்டதையும் 1905இல் ஒரு வாரப் பத்திரிகையிலே தொடர்கதையாக எழுதினார். 1906இல் அது நூலாக வெளிவந்தது. அந்த இளைஞரே அப்டன் சிங்கிளேயர். அந்த நூலே ‘த ஜங்கிள்’ என்னும் நாவல்.

நூலைப் படித்த அமெரிக்க மக்கள் திடுக்கிட்டனர். ஆனால், எதைக் கண்டு திடுக்கிட்டனர்? பிறந்த நாட்டை விட்டுப் பிழைக்க வந்த லிதுவேனியக் குடும்பமொன்று அந்த ஆலைகளின் பற்களிடையே அரைபட்டுச் சிதைந்த கதையைக் கண்டன்று. அழுகிய இறைச்சியும், எலியும், அழுக்கும் தமது உணவுத் தட்டுக்கு வந்து சேர்கின்றனவே என்பதைக் கண்டுதான் திடுக்கிட்டனர். அவ்வாண்டு ஜூன் 30ஆம் திகதியே ஜனாதிபதி தியோடர் றூஸ்வெல்ட் இரண்டு சட்டங்களிற் கையெழுத்திட்டார். ஒன்று இறைச்சியைப் பரிசோதிப்பதற்கு. மற்றையது உணவிலும் மருந்திலும் கலப்படத்தைத் தடுப்பதற்கு. உண்பவர் பிழைத்தார். அறுத்தவரின் துயரத்துக்கு அச்சட்டங்களில் இடமிருக்கவில்லை. மக்களின் இதயத்தைக் குறிபார்த்தேன், அடி வயிற்றிலே போய் விழுந்தது என்று சிங்கிளேயர் பின்னர் மனம் நொந்து கூறியதன் பொருள் இதுவே.

அந்த அடி விழுந்து நூறாண்டுக்கு மேலாயிற்று. அதே நாட்டிலே, அதே இதயத்தை நோக்கி மறுமுறையும் குறிபார்த்த ஒரு சிறு கூட்டத்தாரைப் பற்றியதே இக்கட்டுரை.

விலைபோகாத செய்தி

உணவைப் பற்றி எழுதுவதற்குப் பத்திரிகைகளில் என்றுமே இடப் பஞ்சம் இருந்ததில்லை. சமையற் குறிப்பு உண்டு. சிற்றுண்டிச் சாலைகளைப் பற்றிய மதிப்புரை உண்டு. வண்ணப் படங்கள் உண்டு. ஆனால், அந்த உணவு எந்த மண்ணில் விளைந்தது, அந்த மண்ணிலே என்ன தெளிக்கப்பட்டது, அதை அறுத்தெடுத்த கை யாருடையது என்னும் வினாக்களுக்குத்தான் இடம் கிடைப்பதில்லை. காரணம் எளிது. அத்தகைய செய்தியைத் தேடிச் செல்லும் நிருபருக்கு மாதக்கணக்கில் சம்பளமும் வழிச்செலவும் கொடுக்க வேண்டும். அச்செய்தியின் அருகிலே விளம்பரம் போட எந்த உணவு வியாபாரியும் முன்வரமாட்டான்.

இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே அமெரிக்கப் பத்திரிகைகளின் நிலை மேலும் இடருற்றது. வாசகரும் விளம்பரமும் இணையத்தை நோக்கிப் போயினர். 1941இலே தோன்றிய ‘குர்மே’ என்னும் புகழ்பெற்ற உணவுச் சஞ்சிகைகூட 2009இல் நின்றுபோயிற்று. சுவையை மட்டும் பாடிய ஏடன்று அது. புளோரிடா மாநிலத்துத் தக்காளித் தோட்டங்களிலே தொழிலாளர் அடிமைகளைப் போல் நடத்தப்படுவதை வெளிப்படுத்திய பெரியதொரு கட்டுரையை, தான் மூடப்பட்ட அதே ஆண்டின் மார்ச் மாதத்தில் வெளியிட்ட ஏடு.

இத்தகைய வேளையிலே, 2011ஆம் ஆண்டில், இலாபம் கருதாத செய்தி நிறுவனம் ஒன்று அமெரிக்காவில் உருவாயிற்று. ‘ஃபூட் அன்ட் என்வைரன்மென்ட் றிப்போட்டிங் நெட்வேர்க்’ என்பது அதன் நீண்ட பெயர். உணவையும் சுற்றுச்சூழலையும் பற்றிச் செய்தி திரட்டுவோரின் வலையம் என நாம் கூறலாம். அப்பெயரின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ‘ஃபேர்ண்’ என வரும். ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் ஆரவாரமின்றித் தழைக்கும் பன்னச் செடிக்கு ஆங்கிலத்திலே அதுதான் பெயர்.

பாண் சுட்ட ஆசிரியர்

இதனை நிறுவியவர்களுள் ஒருவர் சமுவேல் ஃபுரோமார்ட்ஸ். றோய்ட்டர் செய்தி நிறுவனத்திலே வணிகச் செய்திகளைக் கையாண்ட ஆசிரியர் அவர். இரசாயனமின்றி விளைவித்த உணவு எவ்வாறு பெருவணிகமாக மாறியது என்பதை ஆராய்ந்து 2006இல் ஒரு நூல் எழுதினார். இவருக்கு இன்னொரு வித்தை உண்டு. வீட்டு அடுப்பிலே பாண் சுடுவார். வாஷிங்ரன் நகரிலே நடந்த ஒரு போட்டியில், தொழில்முறை வெதுப்பகத்தாரையும் வென்று, பிரெஞ்சு நாட்டு நீளப் பாணுக்கு இவரே பரிசு பெற்றார். அந்த அனுபவத்தை 2014இலே தனி நூலாகவும் எழுதினார். கோதுமை மாவைத் தன் கையாற் பிசைந்து, அது புளிக்கும்வரை காத்திருந்து பழகிய ஒருவர், செய்தியும் அவ்வாறே காலமெடுத்துப் பதமாக வேண்டும் என்று நம்பியதில் வியப்பில்லை. இவரோடு சேர்ந்து இதைத் தொடங்கிய டொம் லஸ்காவி, உணவு அரசியலைப் பற்றி எழுதி வந்தவர். நிறுவனத்தின் நிர்வாகச் சுமையை அவரே தோளிலேற்றார். வாஷிங்ரனிலே நீண்டகாலம் வேளாண்மைச் செய்திகளை எழுதித் தழும்பேறிய சக் அபட் என்னும் மூத்த நிருபரும் பின்னர் வந்து சேர்ந்தார்.

இவர்கள் கைக்கொண்ட வழி புதுமையானது. தமக்கென ஓர் அச்சகம் அமைத்து வாசகரைத் தேடி அலையவில்லை. கட்டுரையைத் தாமே திட்டமிட்டு, எழுத்தாளருக்கு ஊதியமும் பயணச் செலவும் கொடுத்து, ஆசிரியப் பணியையும் உடனிருந்து செய்து, ஏற்கெனவே வாசகரைப் பெற்றிருக்கும் ஏடுகளோடு கூட்டாக வெளியிட்டனர். ‘த அட்லாண்டிக்’, ‘த நேஷன்’, ‘மதர் ஜோன்ஸ்’ முதலிய ஏடுகளிலே இவர்களின் கட்டுரைகள் இவ்விதம் வெளிவந்தன. செலவுக்கு அறநிதியங்களும் தனிமனிதரும் வழங்கும் நன்கொடையே ஆதாரம். ஊருக்குப் பொதுவாகக் கிணறு வெட்டி, யார் வேண்டுமானாலும் வந்து மொண்டு கொள்ளுங்கள் என்று விடுவதைப் போன்ற காரியம் அது.

ஒரு சிறு காயத்தின் கதை

அந்தக் கிணற்றிலே ஊறியவற்றுள் ஒன்று மரின் மக்கென்னா என்னும் பெண்மணியின் எழுத்து. நோய்க்கிருமிகளைப் பற்றி எழுதுவதில் வல்லவர். கோழிப் பண்ணைகளில் மருந்து கொடுத்து வளர்த்த கோழிகளின் இறைச்சி வழியாக, மருந்துக்கு அடங்காத கிருமிகள் மனிதருக்கும் தொற்றுகின்றனவோ என்று ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுற்றனர். சிறுநீர்த் தொற்றினால் வருந்தும் இலட்சக்கணக்கான பெண்களுக்கு இதனால் வரக்கூடிய ஆபத்தை 2012இலே ‘த அட்லாண்டிக்’ ஏட்டில் அவர் எழுதினார்.

மறு ஆண்டு எழுதிய கட்டுரையை அவர் தம் குடும்பக் கதையிலிருந்து தொடங்கினார். அக்குடும்பத்து முன்னோர் ஒருவர் நியூயோர்க்கிலே தீயணைப்புப் படை வீரர். கட்டுடல் வாய்ந்த இளைஞர். 1938இல் வேலைத்தலத்திலே அவருக்கு ஒரு காயம் ஏற்பட்டது. பெரிய காயமன்று. ஆயினும் அது சீழ்ப்பிடித்து, சில நாளிலே அவர் உயிரைக் குடித்துவிட்டது. அவரைக் காப்பாற்றியிருக்கக் கூடிய பெனிசிலின் மருத்துவமனைகளுக்கு வந்து சேர மேலும் சில ஆண்டுகள் சென்றன. ஆடு மாடு கோழிகளை விரைவாகக் கொழுக்க வைப்பதற்காக அம்மருந்துகளை நாம் வாரியிறைத்தால், ஒரு கீறலுக்கே மனிதன் மடியும் அந்தக் காலம் திரும்பி வராதா என்பதே மக்கென்னா எழுப்பிய வினா. மனித வைத்தியத்துக்கு இன்றியமையாத மருந்துகளைக் கால்நடைகளைக் கொழுக்க வைப்பதற்குப் பயன்படுத்தும் வழக்கம் 2017ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் அமெரிக்காவில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஒரு கட்டுரையால் வந்த மாற்றமென்று அதனைக் கூறுதல் பொருந்தாது. பலர் பல்லாண்டு குரல் கொடுத்ததன் பயன் அது. அக்குரல்களில் இதுவும் ஒன்று.

முதுசம் பறிபோன விதம்

லேயா டக்ளஸ் என்னும் இளம் நிருபர் 2017இலே ‘த நேஷன்’ ஏட்டில் எழுதியது, காணியின் அருமையறிந்த நம்மவர்க்கு எளிதில் விளங்கக் கூடிய கதை. அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் அரும்பாடுபட்டு வாங்கிய நிலம் 1910ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஏக்கராகப் பெருகியிருந்தது. பின்னர் அதிற் பெரும்பகுதி அவர்கள் கையை விட்டுப் போயிற்று. வன்முறையும் கடனும் மட்டும் இதற்குக் காரணமல்ல. சட்டமே ஒரு காரணம். மரணசாதனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவரது காணி பிள்ளைகளுக்கும், பின் பேரப்பிள்ளைகளுக்கும் பிரிக்கப்படாத பொதுச் சொத்தாகிறது. எங்கோ தூரத்து நகரத்திலே வாழும் ஒரு பங்காளி தன் சிறு பங்கை அந்நியனுக்கு விற்கிறான். அந்த அந்நியன் நீதிமன்றம் சென்று, முழுக் காணியையும் ஏலத்திலே விற்க ஆணை பெறுகிறான். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே உழுது வாழ்ந்தவன், உழுத ஏரோடு தெருவில் நிற்கிறான். முதுசம் என்னும் சொல்லின் கனம் அறிந்தவர்க்கு இதைவிட விளக்கம் வேண்டுவதில்லை.

ஆலையும் கொள்ளைநோயும்

மூன்றாண்டு கழித்து இதே லேயா டக்ளஸின் கையிலே இன்னுமொரு பெரும் பணி வந்து சேர்ந்தது. 2020ஆம் ஆண்டு கொரோனாக் கொள்ளைநோய் பரவியது. கடைகள் மூடின; அலுவலகங்கள் வீட்டுக்கு இடம் மாறின. ஆனால், இறைச்சி ஆலைத் தொழிலாளி வீட்டிலிருந்து வேலை செய்வது எப்படி? ஓடும் வாரின் இருபுறமும் தோளோடு தோள் உரச நின்றல்லவா அவன் இறைச்சியை வெட்ட வேண்டும்? தென் டக்கோட்டா மாநிலத்துச் சூ ஃபோல்ஸ் நகரிலுள்ள ஸ்மித்ஃபீல்ட் பன்றியிறைச்சி ஆலையிலே ஏறத்தாழ 3,700 பேர் தொழில் செய்தனர். அங்கே பேசப்படும் மொழிகள் மட்டும் நாற்பதளவில் இருந்தன. ஏப்ரல் மாதத்திலே அவ்வாலை நோயின் பெருங்களமாயிற்று.

அம்மாதம் 28ஆம் திகதி, இறைச்சி ஆலைகள் தொடர்ந்து இயங்க வேண்டுமென ஜனாதிபதி ட்ரம்ப் ஆணையிட்டார். இறைச்சி மக்களுக்கு இன்றியமையாதது என்றார்கள். நல்லது, அதை வெட்டும் கைகள் எத்தனை நோயுற்றன? எத்தனை ஓய்ந்தன? இவ்வினாவுக்கு முழுமையான விடை சொல்ல அரசாங்கத்திலும் எவரும் இல்லை. ஆலை முதலாளிகளிலும் எவரும் இல்லை.

அந்தக் கணக்கையே லேயா டக்ளஸ் தொடங்கினார். ஊர்ப் பத்திரிகைகளின் மூலைச் செய்திகள், மாநிலச் சுகாதாரப் பகுதிகளின் அறிவித்தல்கள், நிறுவனங்களே வெளியிட்ட சிறு குறிப்புகள் ஆகியவற்றையெல்லாம் ஒன்றொன்றாகப் பொறுக்கியெடுத்து, எந்த ஊர், எந்த ஆலை, எத்தனை பேர் என்று நாட்டின் படத்திலே புள்ளி வைத்தார். நாட்கள் செல்லச் செல்லப் புள்ளிகள் பெருகின. வீராவேசமான பணியன்று அது, கணக்கப்பிள்ளையின் பணி. எனினும், பெரும் பத்திரிகைகளும் ஆராய்ச்சியாளரும் அந்த ஏட்டைப் புரட்டியே பேச வேண்டிய நிலை வந்தது. 2021 செப்டெம்பர் மாதத்தில் அக்கணக்கு முடிவுற்றபோது, இறைச்சி ஆலைத் தொழிலாளருள் 59,000க்கு மேற்பட்டோர் நோயுற்றும், ஏறத்தாழ 300 பேர் இறந்தும் இருந்தனர். வயல்களிலும் பிற உணவு ஆலைகளிலும் நோயுற்றவர் வேறு.

சூ ஃபோல்ஸ் ஆலைக்கு நேர்ந்தது யாது? அங்கே 1,294 தொழிலாளர் நோயுற்றனர், நால்வர் மாண்டனர் என்று கூறிய தொழிற்பாதுகாப்புத் திணைக்களம், 2020 செப்டெம்பரில் அறிவித்த அபராதம் 13,494 டொலர். அதுவே சட்டம் அனுமதித்த உச்சத் தொகையாம்! நோயுற்ற ஒருவருக்குப் பத்து டொலர் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கணக்கின் குறை

இந்தக் கணக்கும் முழுமையானதன்று. 2021 அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழு ஒன்று ஆலை நிறுவனங்களின் உள் ஏடுகளையே வரவழைத்துப் பார்த்தது. ஐந்து பெரு நிறுவனங்களில் மட்டும், முதலாண்டில் மட்டும், 59,000 பேர் நோயுற்று 269 பேர் இறந்திருந்தனர். தொழில்துறை முழுவதிலும் ஒன்றரை ஆண்டாக ஒரு சிறு செய்தியகம் பொறுக்கிச் சேர்த்த தொகைக்கு, ஐந்து நிறுவனங்களின் ஓராண்டுத் தொகையே ஈடாக நின்றது. மறைக்கப்பட்டது எவ்வளவு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? ஆயினும், அரைகுறையான அந்த ஏடேனும் இல்லாதிருந்தால், அந்த நீண்ட ஒன்றரை ஆண்டிலே நாட்டினர் கண்முன் எதைக் காட்டிப் பேசியிருப்பர்?

நன்கொடையில் நடக்கும் செய்தியகத்துக்கும் குறைகள் உண்டு. விளம்பரக்காரனின் முகத்தைப் பார்க்க வேண்டாமென்றாலும், நிதி வழங்குவோரின் முகத்தைப் பார்க்கும் அபாயம் இருக்கவே செய்கிறது. கொடுப்பவரின் மனம் மாறினால் அடுப்பு அணைந்துவிடும். இத்தகைய செய்தியகம் நிலைத்து நிற்பது, கொடை கொடுத்தவர் யாரென்பதை ஒளியாமல், எழுதும் கையை எவரும் பிடிக்க விடாமல் இருப்பதிலேயே தங்கியுள்ளது.

லேயா டக்ளஸ் பின்னர் றோய்ட்டர் நிறுவனத்துக்குச் சென்றார். ஃபேர்ண் வேறு எழுத்தாளரைக் கொண்டு தன் பணியைத் தொடர்ந்தது. வருவோர் வருவர், போவோர் போவர். வேலை நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே நிறுவனம் என்ற ஒன்றை மனிதர் அமைக்கிறார்கள்.

அப்டன் சிங்கிளேயர் கண்ட ஆலைகள் இன்று இல்லை. சிக்காகோவின் கால்நடைப் பட்டி 1971இலே மூடப்பட்டது. ஆலைகள் சிறு நகரங்களுக்குப் பெயர்ந்தன. லிதுவேனியர் நின்ற இடத்திலே வேறு தேசத்து ஏழைகள் வந்து நின்றனர். வயிற்றிலே விழுந்த அந்தப் பழைய அடி இதயத்துக்கு ஏற நூறாண்டுக்கு மேலாகியும் போதவில்லை. ஆனால், இம்முறை ஒரு வேறுபாடு உண்டு. அன்று தொழிலாளியின் துயரைச் சொல்வதற்குச் சிங்கிளேயர் ஒரு கற்பனைக் குடும்பத்தைப் படைக்க வேண்டியிருந்தது. இன்று, ஊரும் ஆலையும் தொகையும் ஏட்டிலே பதிவாகிவிட்டன. கதையென்று அதை ஒருவரும் தள்ளிவிட இயலாது.