3 நாள், 3 தலைமுறை, ஒரே ஊரில் தங்கல்: விருதுநகர் மாவட்டத்தை அலையாமல் சுற்றிப் பார்ப்பது எப்படி?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'லாங் வீக்எண்ட் வருதே, எங்கயாவது போலாமா?' என்று ஒருவர் கேட்டால் போதும், பத்து நிமிடத்தில் பட்டியல் தயார். அத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் என்பார். சித்தப்பா சதுரகிரி என்பார். பிள்ளைகளுக்கு அருவி வேண்டும். கடைசியில் யாராவது ஒருவர், 'அப்படியே குற்றாலம், எட்டயபுரம் எல்லாம் பக்கம்தானே' என்று சேர்த்துவிடுவார்.

மேப்பில் பார்த்தால் எல்லாம் பக்கம்தான். பிரச்சினை இரண்டாம் நாள் மதியம் தொடங்கும். பிள்ளைகள் வண்டியில் தூங்கிவிடுவார்கள். பாட்டி, 'நீங்க போய் பாத்துட்டு வாங்கப்பா, நான் வண்டியிலயே இருக்கேன்' என்பார். யாரை ஊர் சுற்றிக்காட்ட அழைத்து வந்தோமோ, அவரே பார்க்கிங்கில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் திட்டம் தோற்றுவிட்டது என்றே அர்த்தம். அந்த வாக்கியம் வராதபடி மூன்று நாளை எப்படிப் பிரிக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எத்தனை இடம் பார்க்க முடியும்?

தாத்தா பாட்டியும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். காரணம், தென் மாவட்டங்களில் ஒரு நாள் என்பது உண்மையில் இரண்டு அரை நாள்கள். பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலை 4 மணிவாக்கில்தான் திறப்பார்கள். வெயில் நாளில் பகல் 12 மணிக்குக் கல் தரையில் வெறும் காலோடு நடக்க முடியாது. ஆக, காலை 6 முதல் 11 வரை ஓர் இடம், மாலை 4 முதல் 8 வரை ஓர் இடம். நடுவில் சாப்பாடு, தூக்கம். அதை வீணான நேரம் என்று நினைத்து, 'அந்த கேப்ல இன்னொரு இடம் போயிரலாம்' என்று கிளம்பும்போதுதான் மாலை நேரமும் கெடுகிறது.

எந்த ஊருக்கும் இப்படி ஒரு கடிகாரம் உண்டு. லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் பெற்றோரிடம், 'அஞ்சு நாள்ல எடின்பரோ வரைக்கும் பாத்துரலாம்' என்று பிளான் போட்டுக் கொடுப்பவர்கள் செய்வதும் இதே தப்புதான். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு வேகமான ரயிலிலேயே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிசம்பரில் அங்கே பிற்பகல் 4 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். இங்கே வெயில், அங்கே இருட்டு. இரண்டு இடத்திலும் பயன்படும் நேரத்தை முதலில் எண்ணிவிட்டுத்தான் இடங்களை எண்ண வேண்டும்.

எங்கே தங்குவது?

மூன்று நாளும் ஒரே ஊரில் தங்குங்கள். தினமும் அறை மாற்றினால், பெட்டி கட்டுவது, சாவி கொடுப்பது, புது அறைக்குக் காத்திருப்பது என்று அரை நாள் போய்விடும்.

இந்த மாவட்டத்துக்கு வசதியான நடுப்புள்ளி சிவகாசி. வியாபார ஊர் என்பதால் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் இரண்டும் தலா சுமார் 20 கி.மீ. விருதுநகர் 25 கி.மீ.க்குச் சற்று மேல். ராஜபாளையம் 30 கி.மீ.க்குச் சற்று மேல். மேப் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். ரயில்வே கேட், டீ நிறுத்தம், 'பாத்ரூம் போகணும்' எல்லாம் அதில் அடங்கிவிடும்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு எழும்பூர் - செங்கோட்டை பொதிகை எக்ஸ்பிரஸ் நல்ல தேர்வு. இரவில் ஏறினால் விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று வரிசையாக எல்லா ஊரிலும் நிற்கும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. லோயர் பெர்த் வேண்டுமென்றால் அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். விமானத்தில் வருபவர்களுக்கு மதுரை விமான நிலையம். அது மதுரையின் தென்பக்கம் இருப்பதால் நகருக்குள் நுழையாமலே விருதுநகர் சாலையைப் பிடித்துவிடலாம்.

முதல் நாள்: சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்

ரயிலில் வந்து இறங்கியதும் ஓடாதீர்கள். குளியல், டிபன், கொஞ்சம் தூக்கம். பதினொரு மணிக்குச் சிவகாசி கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றினால் போதும்.

'பட்டாசு ஆலைக்குள்ள பாக்கலாமா?' என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். முடியாது. தெரிந்தவர் மூலம் அழைத்துப் போகிறேன் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். உராய்வும் சூடுமே தீப்பிடிக்கப் போதுமான இடம் அது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள் இல்லை. தீயைப் பார்த்துவிட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்து மக்கள். இந்த ஊரில் ஒரு வாணவெடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை.

சிவகாசியின் இன்னொரு முகம் அச்சுத் தொழில். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் எங்கே அச்சானது என்று கீழ் ஓரத்தில் பாருங்கள். சிவகாசி என்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டு காலண்டருக்கான மாதிரி ஆல்பங்களை இங்கே வெளியிட்டுவிடுவார்கள்.

மதியத் தூக்கம் முடித்து மூன்றரை மணிக்குக் கிளம்பினால், நடை திறக்கும் நேரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர். வடபத்ரசாயி கோயிலின் 11 நிலை ராஜகோபுரம் சுமார் 192 அடி உயரம். தமிழக அரசின் முத்திரையோடு சேர்த்துச் சொல்லப்படும் கோபுரம் இது என்பதால், 'உன் சர்டிபிகேட்ல பாத்தியே, அது' என்றால் பள்ளிப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆண்டாள் சன்னதியில் கையில் இருக்கும் கிளியைக் கவனிக்கச் சொல்லுங்கள். இலையும் பூவும் வைத்துத் தினமும் புதிதாகச் செய்வது அது.

வெளியே வந்தால் பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற இனிப்பு. பாலும் சர்க்கரையும் மட்டும்தான் பொருள். இளஞ்சூட்டில் அங்கேயே சாப்பிடுவது தனி ருசி. ஊருக்கு வாங்கிப் போவதை மட்டும் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிக நாள் தாங்காது.

இரண்டாம் நாள்: மலையடிவாரம்

காலை 6 மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். தேர்வு இரண்டு, ஒன்றுதான் எடுக்க வேண்டும்.

ஒன்று, ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் அருவி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தண்ணீர் இருக்கும், கோடையில் பாறைதான். காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் வனத்துறை தடை போட்டுவிடும். முந்தின நாள் இரவே உள்ளூரில் விசாரித்துவிடுங்கள். மலையில் மழை பெய்திருந்தால், கீழே வெயில் அடித்தாலும் போகாதீர்கள்.

இன்னொன்று, ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய செண்பகத்தோப்பு. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயப் பகுதி இது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆனது. அணில் கண்ணில் படும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளே எதுவரை அனுமதி என்பதை வனத்துறையினர்தான் சொல்வார்கள்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இந்தக் காலைப் பொழுது ஓய்வு. அறையிலேயே இருக்கட்டும். வண்டிக்குள் காத்திருப்பதற்கும் கட்டிலில் படுத்து டிவி பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒரே ஊரில் தங்கியதன் பலன் இங்கேதான் தெரியும்.

மாலையை வேண்டுமென்றே காலியாக விடுங்கள். சும்மா இருக்க முடியாது என்பவர்கள் சிவகாசிக்கு மிக அருகில் இருக்கும் திருத்தங்கல் நின்ற நாராயணப் பெருமாள் கோயிலுக்குப் போகலாம். ஸ்ரீவில்லிபுத்தூரைப் போலவே இதுவும் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. குன்றின் மேல் இருப்பதால் படி உண்டு.

மூன்றாம் நாள்: ஊர் திரும்பும் வழியில்

அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு கிளம்புங்கள். காலைக்கு மறுபடியும் ஒரு தேர்வுதான். சாத்தூருக்கு அருகே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் இருக்கும் இருக்கன்குடி மாரியம்மன் கோயில். இல்லையென்றால், 1879 டிசம்பர் 30 அன்று ரமண மகரிஷி பிறந்த திருச்சுழி. அவர் பிறந்த வீடும் திருமேனிநாதர் கோயிலும் அங்கே இருக்கின்றன. முதலாவது எடுத்தால் சாத்தூரில் காராச்சேவு வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது எடுத்தால் தூரம் கூடும், கூட்டம் குறையும்.

மதியத்துக்கு மேல் விருதுநகர். 1903 ஜூலை 15 அன்று பிறந்த காமராஜரின் வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. சின்ன வீடு, சீக்கிரம் பார்த்துவிடலாம். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவர், மதிய உணவுத் திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் வளர்ந்த வீடு இவ்வளவுதானா என்று பிள்ளைகள் கேட்டால், அந்த இடம் தன் வேலையைச் செய்துவிட்டது. அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் படித்த தாத்தா உங்கள் வண்டியிலேயே இருந்தால், மிச்சத்தை அவர் சொல்லட்டும்.

சாயங்காலம் எண்ணெய் பரோட்டா. பிறகு விருதுநகரிலேயே இரவு ரயில்.

எதை விட வேண்டும்?

குற்றாலம்: சிவகாசியிலிருந்து போய்வர மட்டும் கிட்டத்தட்ட 200 கி.மீ. ஆகும். மேலே சொன்ன மூன்று நாள் திட்டத்துக்கும் சேர்த்தே ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். சீசனும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அதைத் தனி ட்ரிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

சதுரகிரி: தாணிப்பாறையிலிருந்து பல மணி நேர மலையேற்றம். 2015 மே மாதம் திடீர் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்த பாதை. பாட்டி, பேரன் இருவரையும் கூட்டிக்கொண்டு போகும் இடம் இல்லை.

எப்போது போகலாம்?

தீபாவளி முடிந்து ஜனவரி வரை நல்ல காலம். வெயில் தணிந்திருக்கும், அருவியில் தண்ணீர் இருக்க வாய்ப்பு அதிகம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வியாபாரிகள் குவிவதால் சிவகாசியில் அறை கிடைப்பது சிரமம். ஆடிப்பூரத் தேர், ஆடி வெள்ளி, வைகுண்ட ஏகாதசி நாள்களில் கூட்டம் அதிகம். திருவிழாதான் நோக்கம் என்றால் மட்டும் அப்போது வாருங்கள்.

பட்டாசு வாங்கி வரலாமா?

ரயிலில் கூடவே கூடாது. ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பேருந்தும் அப்படித்தான், பக்கத்து சீட்டில் இருப்பவரின் உயிரும் உங்கள் பையில் இருக்கிறது. ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறேன் என்றால், அந்த விற்பனைக்கு 2018-லேயே உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. உங்கள் ஊரில் உரிமம் பெற்ற கடையில் வாங்குவதே நல்லது.

கிளம்பும் முன் 5 விஷயம்

1. வாடகைக் காருக்கு நாள் வாடகை, கி.மீ. வரம்பு, டிரைவர் பேட்டா மூன்றையும் சேர்த்து மொத்தத் தொகை கேளுங்கள்.

2. கோயில் நடை நேரத்தை அந்த வாரமே போனில் உறுதி செய்யுங்கள்.

3. பெரியவர்களின் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம்.

4. கோயிலுக்குள் போட ஆளுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் அனுமதிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வெயில் ஏறும் முன் போய்விடுங்கள்.

5. பட்டியலில் முதல் இடத்தைப் பாட்டி சொல்லட்டும். கடைசி இடத்தை நீங்களே அடித்துவிடுங்கள்.