பங்கு பிரிக்கத் தெரிந்தவர்

மார்க்கக் கல்வி படித்தால் பள்ளிவாசலை விட்டால் வேறு எங்கே வேலை என்றுதானே கேட்கிறாய் தம்பி? டீயைக் குடி, சொல்கிறேன். இமாமத்தும் மதரஸாவில் ஓதிக் கொடுப்பதும் பெரிய பணிகள்தான். ஆனால் ஊருக்குள் ஆள் கிடைக்காமல் தேங்கிக் கிடக்கிற வேலை வேறு.

ஒரு வீட்டில் குடும்பத் தலைவர் மௌத்தாகிவிட்டார் என்று வைத்துக்கொள். மனைவி, வயதான தாய், ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். அடக்கச் செலவு போக, கடனை அடைத்து, வஸிய்யத் (உயில்) இருந்தால் அதையும் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் நிறைவேற்றியபின் 72 லட்சம் மிஞ்சுகிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று, 9 லட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று, 12 லட்சம். மீதி 51 லட்சத்தில் மகனுக்கு 34, மகளுக்கு 17. குர்ஆனின் நான்காம் அத்தியாயம், 11, 12ஆம் வசனங்களில் இந்தப் பங்குகள் இருக்கின்றன.

கணக்கு இவ்வளவுதான். சிக்கல் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும். கணவர் மனைவிக்குத் தர வேண்டிய மணக்கொடையான மஹரைக் கொடுக்காமலே போயிருந்தால் அது அவர்மீது நிற்கும் கடன். பங்கு பேசுவதற்கு முன்பே மனைவியின் கைக்குப் போக வேண்டிய பணம். நிக்காஹ் பதிவேட்டைப் புரட்டினால் தொகை தெரிந்துவிடும். புரட்டத்தான் ஆள் இல்லை. மகளுக்கு வேறு விதமான நெருக்கடி. "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கல்யாணத்தில் போட்டது அன்பளிப்பு, அதைக் காட்டி வாரிசுப் பங்கைக் கழிக்க முடியாது என்று ஜமாஅத்தில் எழுந்து சொல்ல, வாரிசுப் பங்கீட்டுச் சட்டமான ஃபராயிழ் பாடத்தை ஒழுங்காக ஓதிய ஒருவர் வேண்டும். மகளுக்கு ஏன் பாதி என்று பலரும் விவாதிக்கிறார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது, அந்தப் பாதியும் அவள் கைக்கு வராமல் போவது.

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி நீதிமன்றமும் இந்தப் பங்குகளை ஏற்கிறது. அதனால் ஏழு வருடம் ஓதி ஆலிம் பட்டம் வாங்குகிறவர் அதோடு சட்டமோ சமூகப் பணிப் படிப்போ சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. மதரஸா மட்டும் படித்தவருக்குப் பத்திரப் பதிவு அலுவலகம் புரியாது. வக்கீலுக்குப் படித்தவர்களில் பலருக்கு ஃபராயிழ் கைவராது.

ஜகாத்தும் அப்படித்தான். யாருக்குக் கொடுக்கலாம் என்று ஒன்பதாம் அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது. அதில் கடனாளியும் உண்டு. வட்டிக்கு வாங்கி மூழ்கிய குடும்பத்தை பொதுநிதியான பைத்துல்மால் பணத்தால் மீட்க இந்த ஒரு சொல்லே ஆதாரம். வசூலிக்கிற இடத்திலும் படிப்பு வேண்டும். ஹனஃபிகள் நிறைந்த வாணியம்பாடியில் பெண்கள் அணியும் தங்க நகைக்கும், நிஸாப் என்ற குறைந்தபட்ச அளவை எட்டினால், இரண்டரை சதவீதம் ஜகாத் உண்டு. ஷாஃபிகள் நிறைந்த காயல்பட்டினத்தில் வழக்கமாக அணியும் நகைக்கு இல்லை. இது தெரியாமல் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனால் வீண் தகராறு.

இன்னொன்று, உன் தங்கையையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்ற காத்திருப்பில் இருக்கிறாள். வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் என்று எல்லாப் பேச்சும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் கூடத்தில் ஆண்களுக்குள் நடக்கும். உள்ளறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இதில் கையெழுத்துப் போடுமுன் உங்கள் மஹர் எவ்வளவு என்று கேளுங்கள்" என்று சொல்ல ஓர் ஆலிமாவால் முடியும். ஆண் ஹஜ்ரத்துக்கு அந்த அறைக்குள் இடமில்லை. தங்கை ஆலிமா வகுப்பில் சேரக் கேட்டால் தடுக்காதே. சேர்ந்ததும் ஃபராயிழ் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல், நாலு குடும்பக் கணக்கையாவது தானே போட்டுப் பார்க்கச் சொல்.